சுருங்காத வலது கண்

அரசுப் பணிக்குத் தேர்வான ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தகுதியற்றவர் என்று கண்டால், அதற்கான காரணத்தை எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு வந்தால், அந்த உறுப்புக்குரிய சிறப்பு மருத்துவர் இருக்கும் ஒரு குழு அவரை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளில் இதை மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் தங்கை மகளுக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலச் சீட்டு. 'வலது கண், தகுதி இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. காரணம் இல்லை. மேல்முறையீடு என்ற சொல்லும் இல்லை. கையொப்பம் இருந்தது, அதுவும் பாதி.

எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. சீருடைப் பணி என்பது போதும். எல்லாத் துறைகளும் ஒரே தாளைத்தான் வாங்குகின்றன, ஒரே மாதிரிதான் தொலைக்கின்றன. அவள் எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் தேறினாள், கயிறு ஏறுவதில் தேறினாள். மிச்சம் இருந்தது மருத்துவம் மட்டும். பொங்கல் முடிந்ததும் பயிற்சி தொடங்கும். அதற்குள் தகுதிச் சான்று வராவிட்டால் அவள் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு.

பரிசோதனை முடிந்த அன்று மின்சார ரயிலில் நேராக அனுப்பம்பட்டுக்கு, என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சீட்டை நீட்டினாள்.

"டாக்டரு டார்ச்சு அடிச்சாரு மாமா. இந்தக் கண்ணுல அடிச்சாரு, அந்தக் கண்ணுல அடிச்சாரு. அப்பறம் இன்னொரு டாக்டர கூப்ட்டாரு. ரெண்டு பேரும் சேந்து அடிச்சாங்க. நான் இன்னா, ராத்திரி கடல்ல தொலைஞ்சு போன படகா?"

"இன்னா சொன்னாங்க?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குள்ள 'நரம்பு'ன்னாங்க. என்னப் பாத்து 'அடுத்த ஆளு'ன்னாங்க."

வெளிச்சத்துக்கு அழைத்து வந்து பார்த்தேன். கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளையைப் பாடப்புத்தகம் பாவை என்கிறது. இடது பாவை வெயிலுக்குக் கடுகாகச் சுருங்கியிருந்தது. வலது பாவை வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மிளகாக விரிந்து கிடந்தது. தூரத்துப் பொருள் தெரிகிறது என்றாள். கைபேசி எழுத்து மட்டும் வலது கண்ணுக்குக் கலங்குகிறதாம்.

தலையை ஸ்கேன் எடுத்தோம். மூளையில் குறை எதுவும் இல்லை என்று வந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சீட்டு எழுதியவர்களுக்கு அது பொருட்டாக இல்லை. காரணம் தெரியாத பாவை அவர்களுக்குக் காரணம் தெரியாத பாவைதான். நான் மேல்முறையீடு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. நாளிதழைப் பிரித்தால் ஒரு பக்கம் தாண்ட முடியாது. பொன்னேரி போய், பழவேற்காடு பேருந்து பிடித்து, தங்கை இருக்கும் குப்பத்துக்குப் போவேன். அங்கேயும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. தங்கை ஏலக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நண்டு கட்டிக்கொண்டிருப்பாள். ஏரி நண்டை உயிரோடுதான் சென்னை ஏஜெண்டு எடுப்பார். உயிரோடு போகவேண்டும் என்றால் கொடுக்குகளைக் கட்டியாகவேண்டும். காலால் நண்டின் முதுகு ஓட்டை அமுக்கி, நனைந்த கயிற்றைக் கொடுக்கைச் சுற்றி இரண்டு இழுப்பு, ஒரு முடிச்சு. ஒரு நொடி பிசகினால் நண்டு விரலைப் பிடித்துவிடும். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்வாள்.

"நிமிந்து பாரு," என்பேன் நான்.

"வந்துட்டாருடா இன்ஸ்பெக்டரு," என்று கண்ணை அகல விரித்துக் காட்டுவாள்.

"அண்ணா, அவள வுடு. அது கண்ணா, அடுப்புல வச்ச பாலா? போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாத்துக்கினு கீறான். லிஸ்ட்டுல பேரு வந்த அன்னைக்கே சுத்திப் போட்டிருக்கணும்," என்பாள் தங்கை.

விசித்திரம் என்னவென்றால், பாவை ஒரே மாதிரி இல்லை. ஓட்டப் பயிற்சிக்காகப் பொன்னேரியில் தோழி வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வந்தபோது இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நான் மகிழ்ந்தேன். அடுத்த வாரம் போனால் பழையபடி மிளகு. நரம்புக் கோளாறு விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வருமா? எனக்குத் தெரிந்த கோளாறுகள் எல்லாம் அலுவலகத்தைச் சேர்ந்தவை. அவை விடுப்பே எடுப்பதில்லை.

பதிலுக்குக் காத்திருந்தால் அவள் ஓய்வு பெறும் வயதுதான் வரும் என்று தோன்றியது. மூவருமாக விடிகாலை ரயிலில் சென்னைக்குப் போனோம். கண் மருத்துவமனையில் நரம்பு சம்பந்தப்பட்ட கண்நோய்களைப் பார்க்கத் தனிப் பிரிவு உண்டு. மருத்துவர் ஒரு பெண், என் மகன் வயதுதான் இருக்கும். நான் நடந்ததை ஆதியிலிருந்து வரிசையாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளில உக்காருங்களேன்," என்றார்.

நான் உட்கார்ந்தேன், உள்ளேயே.

விளக்கை அணைத்துப் பார்த்தார். இருட்டில் இரண்டு பாவைகளும் பெரிதாகி, வித்தியாசம் குறைந்தது. விளக்கைப் போட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆகவே சுருங்க மறுப்பதுதான் குறை, அது வலதில்தான் என்றார். இமை தொங்கவில்லை. விழி எல்லாப் பக்கமும் திரும்புகிறது. "இப்ப ஒரு சொட்டு மருந்து போடப்போறேன். ரெண்டு கண்ணுலயும். சிகிச்சை இல்ல, விசாரணை," என்றார். விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது.

முதல் சொட்டு நீர்த்தது. மருந்தின் பெயர் பைலோகார்பின், பாவையைச் சுருக்குவது. நீர்த்த அளவில் அது நல்ல கண்ணை அசைக்காது. ஆனால் நரம்பு அறுந்து வெகுநாள் பட்டினி கிடக்கும் தசை அந்தக் கொஞ்சத்துக்கே துள்ளிச் சுருங்கிவிடுமாம். எனக்குப் புரிந்தது. கோப்பே வராத மூலையில் ஆண்டுக்கணக்காகப் போட்டு வைத்த எழுத்தரிடம் வெற்றுத்தாளைக் கொடுத்தாலும் எழுந்து நின்று கையெழுத்துப் போடுவார். காத்திருந்தோம். இரண்டு கண்ணும் அசையவில்லை.

பிறகு கெட்டியான சொட்டு. மருத்துவர் விளக்கினார். சுருங்கு என்ற ஆணை மூளையிலிருந்து புறப்படும். நரம்பு அதைக் கொண்டு வரும். தசை நிறைவேற்றும். இந்தச் சொட்டு நரம்பைக் கேட்பதில்லை. ஆணையை நேரே தசையின் கையில் கொடுத்துவிடும். தசை கீழ்ப்படிந்தால், பழுது வழியில் இருக்கும் நரம்பில். நேரே கையில் கொடுத்தும் கீழ்ப்படியாவிட்டால்?

"கைய யாரோ கட்டிப் போட்டுருக்காங்க," என்றேன் நான்.

மருத்துவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "அதேதான் சார்."

மறுபடி காத்திருந்தோம். இடது பாவை சுருங்கிக்கொண்டே போய் ஊசி முனையாயிற்று.

"மாமா, இந்தப் பக்கம் லைட்ட கொறச்சுட்டாங்க. ஒரு கண்ணுல மத்தியானம், ஒரு கண்ணுல சாயங்காலம்," என்றாள் அவள். சிரித்தாள்; ஆனால் முழங்காலின் மேல் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

வலது பாவை மிளகு மிளகாகவே இருந்தது. இம்மியும் அசையவில்லை.

"நரம்பு நல்லா இருக்கு," என்றார் மருத்துவர். "வெளியிலருந்து ஏதோ மருந்து உள்ள போயிருக்கு. தசைய அதுதான் புடிச்சு வச்சிருக்கு. கண்ணுல என்ன சொட்டு போட்டீங்க?"

"ஒண்ணும் போடல மேடம்."

"எம்மா, நாங்க கண்ணுல தண்ணிகூட ஊத்த மாட்டோம்," என்றாள் தங்கை.

"சும்மா இரும்மா. அப்ப மூஞ்சி கழுவ மாட்டோமா?" என்றாள் மகள்.

மூச்சிரைப்புக்கு மருந்து இழுப்பதுண்டா, பயண வாந்திக்குக் காதோரம் ஏதாவது ஒட்டுவதுண்டா, தோட்டத்தில் பூச்செடி ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். "எங்க வூட்டாண்ட உப்பு மண்ணு. அதுல எந்தச் செடி வரும்?" என்றாள் தங்கை, மருத்துவரையே குற்றவாளியாக்கும் குரலில். மருந்து எது என்று தெரியாமல், மருந்துதான் காரணம் என்று எந்த மருத்துவர் எழுதித் தருவார்? வேண்டுமென்றே எதையோ போட்டுக்கொண்டாள் என்று குழு நினைத்தால் அதோடு கதை முடிந்தது.

சொட்டு மருந்தால் அவள் கண்களில் நீர் வழிந்தது. அவள் வழக்கம்போல வலது கைப் பெருவிரலின் அடி மேட்டால் வலது கண்ணைத் துடைக்கப் போனாள். மருத்துவர் சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையைத் திருப்பி விளக்கடியில் வைத்தார். பெருவிரலில் ஆறாத வெட்டு. நகக்கண் ஓரம் எல்லாம் பச்சை.

"இது என்ன?"

"பச்ச எண்ண," என்றாள் தங்கை. "நண்டு கடிச்சா அதத்தான் போடுவோம். கடையில விக்கிறது தண்ணி மாதிரி இருக்குதுன்னு நானே காய்ச்சுவேன். ரோட்டோரத்துல நல்ல கொழுந்து எலையா பாத்துப் பறிச்சி, கசக்கி சாறு புழிஞ்சி, தேங்கா எண்ணெயில வுட்டு..."

"என்ன இலை?"

"ஊமத்த எல."

மருத்துவர் டார்ச்சை மேசையில் வைத்துவிட்டார். "அம்மா, ஊமத்தைய கண்ணுல போட்டா பாவை விரிஞ்சிரும், சுருங்கவே விடாது. நாங்க கண்ணை விரிய வைக்கப் போடுற சொட்டும் அதே இனம்தான்."

"கண்ணுல யாரும்மா போட்டது?" என்றாள் தங்கை. "கையிலதான போட்டோம்!"

அந்த எண்ணெயை அறவே நிறுத்தச் சொன்னார். பாவை திரும்பினால் மறுபடி பார்த்துச் சான்று தருவதாகச் சொன்னார். நரம்புக் கோளாறு ஏதும் இல்லை என்ற வாக்கியத்தை அப்போதே எழுதச் சொல்லி நான் வற்புறுத்தினேன். கண் சமமாகட்டும் சார் என்று மறுத்துவிட்டார். முறை அவர் பக்கம் இருந்தது. முறை நமக்கு எதிராக இருக்கும்போது அது எவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்பதை வேலையில் இருந்தபோது யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பும் ரயில் மீஞ்சூர் தாண்டும்போது அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"மெடிக்கலுக்கு முன்னாடி ஒரு வாரம் பூரா ரெண்டு கையிலயும் தடவித் தடவி வுட்டியே, அது எதுக்கு?"

"ஆபீசருங்க மொதல்ல கையத்தான் பாப்பாங்கன்னு சொன்னாங்கடி. வெட்டும் வெடிப்புமா இருந்தா தோல் நோவுன்னு தள்ளிடுவாங்கன்னு. அதான் கொஞ்சம் கெட்டியா காய்ச்சினேன்."

"கெட்டியா வேற."

"கை நல்லா ஆயிடுச்சா இல்லியா?"

"கை ஃபிட்டும்மா. கண்ணுதான் அன்ஃபிட்டு."

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

எண்ணெயை நிறுத்தினார்கள். நண்டையும் அவள் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். என் உத்தரவு ஒன்று தாமதமின்றி நிறைவேறியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கொஞ்சமாக மிளகு இறங்கிக் கடுகாயிற்று. மறுபடி போனோம். மருத்துவர் அதே கெட்டிச் சொட்டைப் போட்டார். இந்த முறை இரண்டு பாவையும் சொல்லி வைத்தாற்போல் ஊசிமுனையாயின. நரம்புக் கோளாறு இல்லை, வெளி மருந்தால் வந்த தற்காலிக விரிவு, இப்போது முழுதும் சீர் என்று தெளிவான கையெழுத்தில் சான்று தந்தார்.

அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு எழுத்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "உங்க பேப்பர் மேல போயிருக்கு சார்."

"எந்த மேல? இந்தக் கட்டடத்துக்கு ஒரே மாடி. அதுல கேண்டீன் இருக்கு."

"மேலன்னா, சென்ட்ரல் கமிட்டிக்கு."

விதியைச் சொன்னேன். உட்பிரிவோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாருக்கு ரூல் எல்லாம் நல்லா தெரியுது. அப்ப வெயிட் பண்ணணும்னும் தெரியும்."

சான்றின் நகலுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். கடைசியில் நான் வருவது அவருக்கு அலுத்துப் போயிருக்கவேண்டும். மார்கழியில் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக்கே குழுவின் முன் வரச் சொன்னார்கள். குழுவில் மூன்று பேர். அவர்களில் கண் மருத்துவராக இருந்தவர் சான்றைப் படித்தார், டார்ச்சு அடித்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார், அவரும் அடித்தார். தலையை ஆட்டினார்களா, ஆட்டவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிவு அஞ்சலில் வரும் என்றார்கள். முடிவை வாயால் சொல்லக் கூடாது என்பதும் விதிதான். அந்த ஒன்றை மட்டும் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடித்தார்கள்.

கூடத் தேர்வானவர்களுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. சோழவரத்துத் தோழி ஒருத்தி பயிற்சிப் பள்ளிக்கென்று இரும்புப் பெட்டி வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். குப்பத்தில் போகி வந்தது, பொங்கல் வந்தது. பொங்கலன்று நான் அங்கேதான் இருந்தேன். அவள் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஓடுவதை விட்டுவிட்டாள்.

"மாமா, ஓடித் தோத்திருந்தா பரவால்ல," என்றாள். "ஓடுனேன், எழுதுனேன், ஜெயிச்சேன். கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது? எங்கம்மா பாசமா எண்ண தடவுனாங்க, அதுல வழுக்கி வுழுந்துட்டேன்னா?"

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடர்ந்தது.

பொங்கல் கழிந்த பிறகு அவள் என் உத்தரவை மீறினாள். நான் போனபோது ஏலக் கூடத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வெறுங்கையால் நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வாங்கி வைத்த ரப்பர் உறை பக்கத்தில் கிடந்தது. அதன் சுட்டுவிரலை ஏதோ ஒரு நண்டு ஏற்கெனவே தின்றிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் பெரிய நண்டு ஒன்று அவள் நடுவிரலைக் கவ்விக்கொண்டது. உதறினாள். ரத்தம் சிமெண்டில் சொட்டியது. தங்கை பழக்கத்தில் எழுந்து, கூடத்து மாடத்தில் இன்னும் இருந்த பச்சை எண்ணெய்ப் புட்டியை நோக்கி ஓடினாள்.

"அந்த புட்டிய எடுத்த, அப்படியே ஏரியில எறிஞ்சிருவேன்!"

"எறிடி! அப்ப ரத்தத்துக்கு இன்னா போடறது?"

"டிஞ்சர்," என்றேன் நான்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க ரூல எடுத்து சுத்திக் கட்டுங்க மாமா, நல்லா ஆயிடும்," என்றாள் அவள். "பயிற்சி தொடங்கிட்டாங்களான்னாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தங்கை தன் புடைவை ஓரத்தைக் கிழித்து, வெறும் துணியாகவே விரலைச் சுற்றிக் கட்டினாள். கட்டிய பிறகும் அந்தக் கையை விடவில்லை. மகளும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அஞ்சல்காரர் வண்டியைக் கூடத்து வாசலில் நிறுத்தினார். பதிவு அஞ்சல், அவளே கையெழுத்துப் போடவேண்டும் என்றார். கட்டுப் போட்ட விரலோடு பேனா பிடித்துக் கிறுக்கினாள். உறையைப் பிரிக்க அவளுக்குத் தைரியம் இல்லை, என்னிடம் நீட்டினாள். கடிதம் எழுதப்பட்டது மார்கழி முடியுமுன். அதன் பிறகு எந்த மாடியில் தங்கி வந்தது என்று தெரியவில்லை. பொருளையும் பார்வையையும் தாண்டிக் கடைசிப் பத்திக்குப் போனேன். மருத்துவக் குழு அவளை முழுத் தகுதியுடையவர் என்று சான்றளித்திருக்கிறது. ஜனவரி இருபதாம் தேதி முற்பகலில் பயிற்சிப் பள்ளியில் நேரில் சேர வேண்டும். தவறினால் தேர்வு ரத்தாகும்.

உரக்கப் படித்தேன். அவள் எழுந்து நின்றாள். பாவாடையில் நண்டுச் சேறு. தங்கை தரையில் இருந்தபடியே அஞ்சல்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

"நைனா, இன்னைக்கு தேதி இன்னா?"

"பத்தொன்பதும்மா," என்றார் அவர். "ஜனவரி பத்தொன்பது."